கடைசி முடுக்கு

நர்ஸம்மாவின் கார் மூன்றாவது முறையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது யாருக்கும் வாயைத் திறக்க மனம் வரவில்லை. ஒரு வாரமாக மழை வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது. தகரக்கூரை ஒழுகும் இடங்களிலெல்லாம் பழைய ஆயில் டப்பாக்களை வைத்திருந்தார்கள். அவற்றில் விழும் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மனிதர்களுக்கும் சளி பிடித்த மாதிரி ஒரு சோர்வு.

அவள் வண்டியை விட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, திரும்பவும் வந்துருச்சு."

"அதேதானாம்மா?"

"அதேதான். சும்மா ஓடுறப்ப ஒண்ணுமே இல்ல. பிரேக்ல கால வெச்சாப் போதும், ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரி இறக்கத்துல வர்றப்ப பல்லெல்லாம் சேர்ந்து ஆடுது. இறங்கிப் போயி வீட்டுல படுத்திருக்கிற ஒரு பெரியவருக்கு ஊசி போடணும். என் கை நிதானத்துக்கு வர்ற வரைக்கும் அவரு என்னையே ஒரு மாதிரி பாக்கறாரு."

சிரித்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை அவளுடையது. விடிந்ததிலிருந்து வண்டியில்தான் பாதி வாழ்க்கை. கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே.

பட்டறைக்காரரைத் தெருவில் கைராசி என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவருடைய மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். எஞ்சின் மேல் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்த இடத்தில் நோவு என்று சொல்லிவிடுவார் என்பது பேச்சு. பாதி உண்மை, பாதி ஊதிவிட்டது. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை யார் செய்தாலும் சக்கர நட்டுகளின் கடைசி முடுக்கு அவர் கையால்தான் விழ வேண்டும். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வருவார், எல் ஸ்பேனரை வாங்குவார், ஒவ்வொரு நட்டையும் ஓர் இழுப்பு இழுத்து நிறுத்துவார், பிறகு டயரை ஒரு தட்டு தட்டுவார். தட்டாத வண்டியை எடுத்துக்கொண்டு போக மாட்டேன் என்று அடம்பிடித்த ஆட்களும் உண்டு.

கூட வேலை செய்தவன் மனைவியின் தம்பி. தலை வழுக்கை, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் ஓடினால்தான் அவனுக்குக் கையும் ஓடும். "போன தடவை புது பிரேக் டிஸ்க்கே போட்டோம், அதுக்கு முந்தி பழசக் கடைசலுக்குக் கொடுத்துத் தேச்சு வாங்கினோம். இதுக்கு மேல வண்டிக்கு மந்திரிச்சுக் கயிறு கட்டணும் மாமா" என்றான்.

"ஸ்பேர் சாமான் கடைக்காரன் மட்டமான சரக்கத் தள்ளிட்டான்" என்றார் கைராசி. இதைச் சொல்லித்தான் போன மாதம் அந்தக் கடைக்காரரை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். ரொட்டிக்கடை வேனும் இதே புகாரோடு வந்து போயிருந்ததால் அப்போது எல்லோரும் அதை நம்பினார்கள்.

"ஏறும்மா, ஓட்டிப் பாத்துருவோம்."

அவர் ஓட்டினார். நர்ஸம்மா பக்கத்தில், மச்சான் பின்னால். ஆஸ்பத்திரி இறக்கம் ஈரத்தில் பளபளத்தது. வேகம் பிடித்து, பிரேக்கை அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி வேகம் எடுத்து மறுபடி அழுத்தினார். ஒன்றுமே இல்லை. நல்ல வண்டி, நேராக நின்றது.

"என்னம்மா, நல்லாத்தானே இருக்கு?"

நர்ஸம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்னண்ணே, விளையாடுறீங்களா?"

"இல்லம்மா, நெசமாத்தான்..."

"இப்ப அழுத்துங்க. நான் சொல்றப்ப அழுத்துங்க. ம்."

அழுத்தினார். கியருக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த பாதித் தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். உள்ளே தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவர் பார்வை மேலே போனது. ஸ்டியரிங் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் சேர்ந்து ஆடின, சட்டைக் கை மடிப்பு வரைக்கும் ஆடியது. கண்ணால் பார்த்தார். பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"ஆமாம்மா. இருக்கு" என்றார்.

"முன் சக்கரந்தான்" என்றான் மச்சான் பின்னாலிருந்து. "பின்னாடின்னா சீட்டு ஆடும். ஸ்டியரிங் ஆடுதுன்னா முன்னாடிதான் கோளாறு. இல்லீங்களா மாமா?"

மாமா வண்டியைப் பட்டறைப் பக்கம் திருப்பினார்.

பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறைகள், அதுதான் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஜாக்கியில் ஏற்றிய வண்டி தெரியும். வண்டி திரும்பி வந்த சத்தம் கேட்டு மனைவி டீ போட்டாள். நாலு டம்ளரில் ஊற்றி, ஒன்றை மட்டும் ஜன்னல் விளிம்பில் ஆற வைத்தாள். அது அவருடையது.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், கொதிக்கிற டீப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கி, எங்கே வைப்பது என்று அவளைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் பதறிப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "பட்டறைக் கை, இதுக்கெல்லாம் உறைக்காது" என்று சிரித்தார். மறுநாள் விரல் நுனிகள் கொப்புளம் கட்டின. அதற்குப் பிறகு ஈரக் காலைகளில் அவர் விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போவதைப் பார்த்தாள். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். "நேரமாச்சு, நில்லுங்க" என்று தானே போட்டுவிடத் தொடங்கினாள். இந்த வயசில் என்ன கொஞ்சல் என்று தம்பி கேலி செய்தான். இருவரும் அந்தக் கேலிக்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டார்கள். கேட்டால் அவர் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தக் கைகளைத் தவிர அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

நர்ஸம்மா நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்றாள். வண்டிக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளி வைத்திருந்தார்கள். மச்சான் ஸ்பேனரின் பின்னால் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, அதில் முக்கால்வாசித் தொங்கிக்கொண்டிருந்தான்.

"மாமா முடுக்கின நட்டு. இதக் கழட்ட என் மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாரும் வரணும். அப்பாடா... வந்துருச்சு. அடுத்தது." ஸ்பேனரை வைத்து லேசாக இழுத்தான். நட்டு உடனே சுற்றியது. "இந்தா, இது ‘வா’ன்னா வருது. இது மேல மாமாவுக்குப் பாசம் கம்மி போல."

எத்தனையோ முறை கேட்ட கேலிதான். கைராசியும் கேட்டுச் சிரித்திருக்கிறார். இன்று சிரிப்பு வரவில்லை.

"எல்லாம் இப்படித்தான் இருக்கா?"

"எது மாமா?"

"ஒண்ணு இறுக்கமா, ஒண்ணு தளர்வா."

"கொஞ்ச நாளாவே அப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

மச்சான் குழாயைக் கீழே வைத்தான். "என்னத்தச் சொல்ல? நீங்க முடுக்கினது. அதுல ஏதோ ஒரு கணக்கு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

கைராசி மீதி நட்டுகளையும் கழற்றச் சொல்லி, வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை இறக்க வைத்தார். பிறகு, "நர்ஸம்மாவ ஸ்கூட்டர்ல கொண்டு விட்டுட்டு, அப்படியே சாமான் கடையில ஒரு ஜோடி டிஸ்க்கும் பிரேக் பேடும் வாங்கிட்டு வா. அவருகிட்ட சண்டை போடாத" என்றார்.

"நீங்கதானே போட்டீங்க?"

"அதனாலதான் சொல்றேன்."

அவர்கள் போனதும் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்தார். எவ்வளவு இறுக்கம் என்று முள் காட்டும் ரெஞ்சு அது. ஊரைவிட்டுப் போன ஒரு வாடிக்கைக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. ‘கையில கணக்கு இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம்’ என்று சொல்லி அன்றே அடியில் தள்ளியிருந்தார். பெட்டி மேல் எலி வசித்த அடையாளம் எல்லாம் இருந்தது. கழற்றிய சக்கரத்தை மறுபடி மாட்டி, நட்டுகளை விரலால் சுற்றி உட்கார வைத்தார். அதில் ஒன்று கையிலிருந்து நழுவி உருண்டது. தேடி எடுத்து மாட்டி, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினார்.

"இந்தா, கொஞ்சம் வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் கண்ண மூடிக்கிட்டு எப்பவும் போல முடுக்கறேன். போதும்னு நான் நிறுத்துறப்ப இந்த முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லு."

"எதுக்குங்க?"

"சொல்லேன்."

கண்ணை மூடினார். இழுத்தார். நிறுத்தினார்.

"பதினாறு."

அடுத்த நட்டு.

"ஏழு."

எது சரியான எண் என்று அவள் கேட்கவில்லை. முள்ளுக்கு அடியில் யாரோ எப்போதோ பத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். மூன்றாவது நட்டை அவர் முகம் சுளித்து, மூச்சைப் பிடித்து, ரொம்பக் கவனமாக இழுத்தார். அந்தக் கவனத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"பத்து" என்றாள். "சரியா பத்து."

அவர் பிடியை விடாமல் கண்ணைத் திறந்தார். முள் பத்தொன்பதில் நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவர் ரெஞ்சை எடுத்துத் தரையில் வைத்து, பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

"உனக்கு முந்தியே தெரியுமா?"

"டீப் பாத்திரத்த இறக்குனீங்களே, அன்னைக்கே."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் சுவரில் மாட்டியிருந்த ஏர் கன்னைப் பார்த்தார். காற்றழுத்தத்தில் தடதடவென்று நட்டைச் சுற்றும் கருவி. வாலிபத்திலிருந்து அதைப் பிடித்த கை. சாயங்காலம் கீழே வைத்த பிறகும் கை மட்டும் அதிர்ந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். எப்போது சரியாகாமல் போனது என்று யோசித்தார், பிடிபடவில்லை.

"கடைக்காரரு குடுத்த டிஸ்க்குல ஒரு கோளாறும் இல்ல" என்றார். மனைவியிடம் வண்டி விஷயம் பேசுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. இன்று பேசினார். "ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் விட்டா டிஸ்க்கு மயிரிழை கோணிக்கும். ஓட்டுறப்ப தெரியாது. ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் பேடு அதே இடத்துல உரசும். உரசி உரசி ஒரு இடம் தேயும், ஒரு இடம் தடிப்பா நிக்கும். அப்புறம் பிரேக்க அழுத்தினா பேடு மேடு பள்ளத்துல ஏறி இறங்கும். அதான் ஆட்டம். நாம புதுசு மாட்டினதும் நல்லா இருக்கும், கொஞ்ச நாள்ல திரும்ப வரும். நானே முடுக்கிக் கெடுத்துட்டு, நானே கழட்டி மாட்டி, அந்த மனுசன வேற திட்டிட்டு வந்தேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியல. அதான் பிரச்சனையே."

அவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுதாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சோறு ஆறிப்போச்சு, வந்து சாப்பிடுங்க" என்றாள். பருப்பும் அவித்த முட்டையும் சோறும். முட்டையை அவளே உரித்து வைத்திருந்தாள். எப்போதிலிருந்து உரித்துக் கொடுக்கிறாள் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மச்சான் டிஸ்க்கோடு வந்தான். "கடைக்காரரு முகத்தத் திருப்பிக்கிட்டே எடுத்துக் கொடுத்தாரு மாமா. வாயே திறக்கல." வேலை தொடங்கியது. சக்கரம் உட்காரும் ஹப்பின் முகத்தில் துருப் பொடி ஒட்டியிருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும் என்பதால் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்தார்கள். புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்தார்கள். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் ஊசிகள் தடையில்லாமல் நகர்கின்றனவா என்று பார்த்துக் கிரீஸ் வைத்தார்கள். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, பேரிங்கும் ஸ்டியரிங் மூட்டும் இறுக்கமாக இருப்பதைச் சரிபார்த்தார்கள். கைராசி ஒவ்வொன்றையும் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். தொட்டுப் பார்த்து முடிக்கிற மனிதர் இப்படிக் குனிந்து குனிந்து பார்ப்பது மச்சானுக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் பேசிக்கொண்டேதான் இருந்தான்.

கடைசியில் எல் ஸ்பேனரை எடுத்து வழக்கம்போல் நீட்டினான். அவர் அதை வாங்காமல் முள் ரெஞ்சை அவனிடம் நீட்டினார்.

"நீ முடுக்கு."

"நானா? கடைசி முடுக்கு நீங்கதானே மாமா?"

"முடுக்கு மாப்ளே. ஒண்ண முடுக்கினா அதுக்கு எதிர்ல இருக்கறத அடுத்து முடுக்கு. முதல் சுத்து பாதி, ரெண்டாவது சுத்துல பத்து. முள்ளு சிவப்புக் கோட்டத் தாண்டக் கூடாது."

"இது என்ன புது வழக்கம்? நர்ஸம்மா ஒத்துக்குவாங்களா? நீங்க..." என்று ஆரம்பித்தவன் ஜன்னலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மாமாவின் கையைப் பார்த்தான். குழாய் போட்டுத் தொங்கிய நட்டுகள் எல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு முடுக்கினான். அந்தப் பட்டறையில் அவன் பேசாமல் செய்த முதல் வேலை அதுதான்.

சாயங்காலம் நர்ஸம்மா வந்தாள், குடையை மடக்கக்கூடத் தெம்பில்லாமல். இந்த முறை அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். புது பேடு டிஸ்க்கோடு படியட்டும் என்று முதலில் மெதுவாகப் பல முறை பிரேக் பிடிக்கச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரி இறக்கம். அவள் அழுத்தினாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முன்பக்கம் சாய்ந்து, அப்படியே நின்று, மெல்லப் பின்னால் வந்தது. நடுக்கம் இல்லை.

"போச்சுண்ணே!" என்றாள். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "கைராசின்னா சும்மாவா!"

"வண்டிய ஓரமா நிறுத்தும்மா."

நிறுத்தினாள்.

"உன் வண்டியில கோளாறே இல்ல. என் கையிலதான். காலையில இந்த ஆட்டம் எனக்குத் தெரியவே இல்ல. ஒவ்வொரு நட்டையும் ஒவ்வொரு மாதிரி முடுக்கி நான்தான் கெடுத்திருக்கேன். ரெண்டு தடவையும்."

மூன்று முறை அலைந்தவள், ஏதாவது சொல்லியிருக்கலாம். உள்விளக்கைப் போட்டு, அவர் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரல் நுனியாக நகத்தால் அழுத்தினாள். "இது? இது? இப்ப?" எல்லாவற்றுக்கும் அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். சுண்டுவிரலில் மட்டும் "ம்" என்றார்.

"ஏர் கன்ன இனிமே தொடாதீங்க. நரம்பு டாக்டரப் பாருங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இருக்கிறதக் காப்பாத்தலாம்."

"போனது வருமா?"

"தெரியலண்ணே. வரும்னு பொய் சொல்ல எனக்கும் தெம்பு இல்ல."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பட்டறையில் இறக்கிவிட்டு அவள் கிளம்பப்போகும்போது கண்ணாடியை இறக்கினாள். "தட்டலையேண்ணே?"

குனிந்து டயரைத் தட்டினார். சத்தம் கேட்டது. அவள் போய்விட்டாள்.

மச்சான் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். கைராசி அவனிடம் சொன்னார்: "ரொட்டிக்கடைக்காரருக்கு இப்பவே போன் போடு. அப்புறம் போன குளிர் ஆரம்பிச்சதுலேருந்து நான் முடுக்கின வண்டி யாரெல்லாம்னு யோசிச்சு, ஒவ்வொருத்தரா வரச் சொல்லு. நட்ட எல்லாம் தளர்த்தித் திரும்ப முடுக்கணும்."

"என்ன காரணம் சொல்ல மாமா?"

"உள்ளதச் சொல்லு."

"பேரு போயிடுமே."

"ஏழுல நிக்கிற நட்டு கழண்டா சக்கரமே போயிடும். ரொட்டிக்காரரு பிள்ளைங்களத்தான் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுறாரு. பேரு போகட்டும்."

மச்சான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். முதல் ஆளிடம் அவன் திக்கித் திணறுவது உள்ளே வரை கேட்டது. அடுத்த ஆளிடம் கொஞ்சம் பரவாயில்லை.

பின்வாசல் படியில் கைராசியும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் நின்ற மாதிரி இருந்தது, நிற்கவில்லை. அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனார். காலையில் முதல் வேலையாகச் சாமான் கடைக்காரரைப் போய்ப் பார்க்க வேண்டும். கெஞ்ச வேண்டியிருந்தால் கெஞ்ச வேண்டும். மச்சானுக்கு முள் ரெஞ்சு பழகிவிடும், ஆனால் எஞ்சின் சத்தத்தில் அவன் இன்னும் மக்குதான். காது எனக்கு நல்லாத்தானே இருக்கு, பக்கத்தில் நின்று சொன்னால் போதாதா, அவன் செய்துவிட மாட்டானா. ஆட்கள் வருவார்களா, அதுதான் தெரியவில்லை. வருவார்கள், வராமல் என்ன. இப்படி அவரே கேட்டுக்கொண்டு அவரே பதில் சொல்லி, களைத்துப்போய் நிறுத்தினார். ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறாள் என்று பார்க்க அவள் பக்கம் திரும்பினார். கண் கீழே போனது.

அவருடைய வலது கை அவளுடைய இரண்டு கைகளுக்குள் இருந்தது.

"எப்பப் புடிச்ச?"

"உக்காந்த உடனேயே."

வாசலில் மச்சான் அடுத்த எண்ணை அழைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடி" என்றார்.

அவள் இறுக்கிப் பிடித்தாள். "தெரியுதா?"

"தெரியல" என்றார். "பரவால்ல, புடிச்சுக்கோ. பாத்துக்கிட்டிருக்கேன்."